பவுலின் செஞ்ச சக்கரப் பலகை

ஒரு ஊர்ல ஒரு போட்டுப் பட்டறை இருந்துச்சு. ராஜா ராணியெல்லாம் கிடையாது மெர்லினு, இன்னிக்கு அத்தைக்கு ராஜா கதை சொல்லத் தெம்பு இல்ல. பட்டறைதான். கடக்கரையில ஓலைக் கொட்டகை, உள்ள பைபர் போட்டு, அதான் படகு, செய்வாங்க. பட்டறைக்காரர் பேரு தொம்மை. அவருக்கு ஒரே மக, பவுலின். தள்ளிப் படுட்டி, அத்தை முதுகை நீட்ட வேண்டாமா? "ம்" சொல்லு. நீ "ம்" சொன்னாத்தான் கதை நகரும்.

ம். அந்த ஊர்ல ஒரு வழக்கம். புதுப் போட்டு செஞ்சு முடிச்சா, செஞ்சவங்கதான் அதுல முதல்ல ஏறணும். தனியா. கோயில் முன்னாடி கிளம்பி, தெக்க லைட்டவுஸ் வரைக்கும் போய், பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வரணும். ஓட்டை இருந்தா செஞ்சவனே முங்கட்டும்னு அர்த்தம். நல்ல வழக்கம்தான், அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. பொம்பளை போட்டுல கால் வைக்கக் கூடாது. வச்சா மீனெல்லாம் விலகிப் போயிருமாம். மீனுக்கு அம்புட்டு வெக்கமாம். சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அப்போ தொம்மைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. பைபரை ஒட்டுற ரெசின் பசை நாத்தம் வருசக்கணக்கா நெஞ்சுல ஏறி ஏறி, படுத்தா "கீ... கீ..."ன்னு சத்தம். இனிமே பட்டறைக்குள்ள கால் வைக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்போ பட்டறை யாருக்கு? பவுலினுக்குத்தான்னு நீயும் நினைப்பே, நானும் நினைப்பேன். அவதான் சின்னதுல இருந்து அப்பா கூட நின்னு ரெசின் கலக்குவா, பைபர் மேட்டு, அதான் நார்ப் பாய், ஒட்டுவா, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பா. அவர் பேர்ல கடல்ல ஓடுற போட்டுல பாதி அவ கைவேலை. ஆனா ஊர்க் கமிட்டி என்ன சொல்லுச்சு தெரியுமா? செஞ்சவங்க ஏறணும், பொம்பளை ஏறக் கூடாது, அப்போ பொம்பளை எப்படிச் செய்ய முடியும்னு கேட்டுச்சு. கோயில் திருவிழா அன்னிக்குப் பட்டறைச் சாவியை அவ மச்சான் ரெய்மண்டு கையில குடுக்கணும்னு முடிவு. அந்த ரெய்மண்டுக்கு ரெசினுக்கும் பதனீருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குச் சொல்லும்போதே எரியுது.

தொம்மை அங்கதான் இருந்தாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. பவுலினுக்கு அதுதான் ரொம்ப வலிச்சுது.

அப்புறம் அவ நேரா கமிட்டி முன்னாடி போய் நின்னா. நின்னு, "கடல்லதானே நான் ஏறக் கூடாது? ரோட்டுல ஏறலாம்ல?"ன்னு கேட்டா. கோயில்ல இருந்து லைட்டவுஸுக்குக் கடலை ஒட்டியே ஒரு ரோடு உண்டு, உப்பளம் நடுவுல நீளமாப் போகும். நானே செஞ்ச ஒண்ணுல ஏறி, அதே தூரம் போய், அதே மாதிரி பொழுது சாயறதுக்குள்ள வாரேன், வந்தா பட்டறை எனக்குன்னு சொன்னா. அவங்க சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே சரின்னாங்க. ஆனா கமிட்டியில மூத்தவர் கஸ்பாருன்னு ஒருத்தர், அவர் மட்டும் சிரிக்கல. அவர் ஒரு சட்டம் போட்டாரு. "ஒரு காலால தள்ளிக்கோ, உக்காந்துக்கோ. ஆனா ரெண்டு காலும் ஒண்ணாத் தரையில பட்டா, கடல்ல விழுந்த கணக்கு."

தூங்கிட்டியா? ம். சரி.

அப்போ பவுலின் என்ன செஞ்சா? அலையில ஏறி விளையாட வந்த வெளியூர்க்காரங்க ஒரு சக்கரப் பலகையை விட்டுட்டுப் போயிருந்தாங்க. நின்னுக்கிட்டு ஒரு காலால தள்ளித் தள்ளிப் போற நீளப் பலகை. பலகை ரெண்டா ஒடிஞ்சு கிடந்துச்சு. ஆனா அடியில இருந்த அச்சும் நாலு சக்கரமும் பழுது இல்ல. பெரிய சக்கரம், அமுக்கினா மெத்துன்னு இருக்கும். அதைக் கழட்டி எடுத்து வச்சுக்கிட்டா. பலகைதான் செய்யணும்.

முதல்ல ஒரு பழைய வள்ளத்துப் பலகையை அறுத்துச் செஞ்சா. நல்ல மரம், உப்புல ஊறி இரும்பா இருந்துச்சு. ஏறித் தள்ளினா, "கட கட கட கட". ஒவ்வொரு தள்ளுக்கும் பிள்ளைத்தாச்சியைத் தூக்கிட்டுப் போற மாதிரி கனம். ஐஸ் கம்பெனி தாண்டல, தொடை பிடிச்சுக்கிச்சு. அது வீண்.

அப்புறம் ரெண்டாவது. அதுலதான் அவ போட்டுக்காரியாவே யோசிச்சுட்டா. போட்டு வளையவே கூடாது இல்லியா, வளைஞ்சா வெடிக்கும், வெடிச்சா தண்ணி ஏறும். அதனால பைபர் மேட்டை ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி, ரெசினை ஊத்தி ஊத்தி, யானை ஏறினாலும் அசையாத ஒரு பலகை செஞ்சா. பார்க்க அம்புட்டு அழகு, வழவழன்னு. ஏறிப் போனா "டர்ர்ர்ர்ர்". ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு ஜல்லியும் அவ பல்லுல வந்து பேசுது. உப்பளம் வர்றதுக்குள்ள பாதம் மரத்துப் போச்சு, தன் கால் எங்க இருக்குன்னே தெரியாம "தொப்"புன்னு விழுந்தா. முழங்கை உரிஞ்சு போச்சு. திருவிழா கிட்ட வந்துருச்சு. ரோட்டோரமா உக்காந்து அழுதா பிள்ளை.

அப்போ ரெண்டு பேர் மீன் கூடையை ஒரு மூங்கில் கம்புல கோர்த்து, ஆளுக்கொரு பக்கம் தோள்ல வச்சுத் தூக்கிட்டு ஓடுறாங்க. ஒவ்வொரு எட்டுக்கும் கம்பு வளையுது, நிமிருது, வளையுது, நிமிருது. கூடை அலுங்கவே இல்ல. பவுலின் அழுகையை நிறுத்திட்டுப் பார்த்தா. தண்ணியில போறது வளையக் கூடாது. தரையில தூரம் போறது வளையணும். அம்புட்டுத்தான், அதைப் புரிஞ்சுக்க அவளுக்கு முழங்கை உரிய வேண்டியிருந்துச்சு.

அப்புறம் மூணாவது. மூங்கிலைப் பிளந்து பட்டை பட்டையா சீவி, பக்கத்துல பக்கத்துல அடுக்கி ஒட்டி, மேல ஒரு மேட்டு, கீழ ஒரு மேட்டு, அவ்வளவுதான். ரெண்டு நுனியையும் மேல தூக்கி அச்சுல மாட்டினா, நடுப்பக்கம் தொட்டில் கணக்கா தாழ்ந்து தொங்குச்சு. தரைக்குக் கிட்ட இருந்தா கால் ரொம்ப இறங்க வேண்டாம்ல, நாள் பூராத் தள்ளலாம். ஏறி நின்னா "ம்ம்"முன்னு அமுங்கி நிமிர்ந்துச்சு. தொம்மை கொட்டகை வாசல்ல நின்னு பார்த்தாரு. பார்த்துட்டுப் போயிட்டாரு. ஏதாவது சொல்லிருக்கலாம் மனுசன்.

திருவிழா அன்னிக்குக் காலையில பூசை முடிஞ்சதும் கிளம்பினா. சாட்சியா, அவ பின்னாடி மொபெட்டுல தொம்மையும் ரெய்மண்டும் வந்தாங்க. பேசக் கூடாது, தொடக் கூடாது, கால் படுதான்னு பார்க்கணும். அது மட்டும்தான் அவங்க வேலை. முன்னாடி "சர்ர்... சர்ர்...", பின்னாடி "டுர்ர்ர்ர்".

போகும்போது எதிர்காத்து. தெக்க இருந்து "ஊ...ஊ..."ன்னு நெஞ்சுல கை வச்சுத் தள்ளுது. நிமிர்ந்து நின்னா பலகை நிக்குது. அவ குனிஞ்சு, முழங்காலை மடக்கி, இந்தக் கால் கொஞ்ச நேரம், அந்தக் கால் கொஞ்ச நேரம்னு மாத்தி மாத்தித் தள்ளினா. மாத்தும்போதுதான் பயம். ஒரு கால் இறங்குறதுக்குள்ள இன்னொரு கால் ஏறிறணும், ரெண்டும் ஒண்ணா இறங்கிட்டா போச்சு. ரெய்மண்டு அந்தக் காலையே பார்த்துக்கிட்டு வந்தான். லைட்டவுஸ் சுவரைத் தொடும்போது மத்தியானம் தாண்டி வெயில் சாய ஆரம்பிச்சிருச்சு. பலகை மேலயே உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத் திரும்பினா.

திரும்பி வரும்போது காத்து முதுகுல. பலகை பறக்குது. அப்போ உப்பளத்து வளைவுல திடீர்னு ஆடு. ஒரு மந்தை பூரா ரோட்டை அடைச்சு நிக்குது, "மே... மே...". பிரேக்கு கிடையாதுட்டி அந்தப் பலகைக்கு. கீழ குதிச்சா பட்டறை போச்சு, குதிக்கலேன்னா ஆட்டு மேல மோதணும். என்ன செய்வா? ம் சொல்லு. ஒரு காலைத் தரையில போட்டு இழுத்தா. செருப்பு தேயுது, "கீச்ச்ச்ச்"சுன்னு இழுக்குது, ரப்பர் கருகுற நாத்தம், செருப்போட அடி பிஞ்சு பாதம் ரோட்டுல உரசுது. காலை எடுக்கல. முன்னாடி நின்ன கிடா மூஞ்சியில இவ மூச்சு படுற தூரத்துல பலகை நின்னுச்சு. ஒத்தைக் காலு தரையில, ஒத்தைக் காலு பலகையில. ரத்தம். அப்படியே நின்னு, ஆடு பூரா தாண்டுற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா.

அப்புறம் கிளம்பினா. கோயில் கோபுரம் தெரியுது, சூரியன் பனைமரத்து உச்சிக்கு வந்துருச்சு. அப்போ ஒரு சத்தம். "டிக்".

கொஞ்ச தூரம் போய், மறுபடி "டிக்".

அது என்னன்னு பவுலினுக்குத் தெரியல, காத்து காதுல அடைக்குது. ஆனா பின்னாடி வந்த தொம்மைக்குத் தெரிஞ்சுது. காலம் பூரா போட்டு வெடிக்கிற சத்தத்தைக் கேட்ட காது. பார்த்தா, பலகையோட பின்பக்கம் மூங்கில் பிளந்து வாய் திறக்குது. ஒவ்வொரு தள்ளுக்கும் கொஞ்சம் கொஞ்சமா. அந்த வேகத்துல ஒடிஞ்சா பிள்ளை மண்டை உடையும். நில்லுன்னு கத்தினா பட்டறை போகும். அந்த மனுசன் வாயைத் திறந்தாரு, மூடினாரு. நெஞ்சு "கீ... கீ..."ன்னு இழுக்குது. ரெய்மண்டு பின்னாடி இருந்து, மாமா சொல்லுங்க மாமா, அவ விழுந்துருவான்னு கெஞ்சுதான். அவனுக்குச் சாவியெல்லாம் மறந்து போச்சு. அவனும் கெட்டவன் இல்ல.

தொம்மை சொல்லல. ஏன் சொல்லலேன்னு கேக்காத. கமிட்டி முன்னாடி ஒருதடவை தலை குனிஞ்சாரு இல்லியா, இன்னொரு தடவை அவளைக் கைவிட அவருக்கு மனசு வரல. கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட மொபெட்டை ஓட்டினாரு.

மூணாவது "டிக்" பவுலின் காலுக்கே கேட்டுச்சு. பாதத்துக்குக் கீழ பலகை நெளியுது. அவ தள்ளுறதை நிறுத்தினா. மெல்ல, மூச்சுக்கூட விடாம, முன்பக்கம் நகர்ந்து மண்டி போட்டா, உடம்புக் கனம் பூரா முன்னச்சு மேல. பின்பக்கம் சும்மா தொத்திக்கிட்டு வந்துச்சு. அப்புறம் ரெண்டு கையையும் ரோட்டுல ஊணி, இழுத்தா. இழுத்தா. இழுத்தா. உள்ளங்கை உரியுது, சூரியன் மட்டைக்குள்ள இறங்குது, ஊரே கோயில் வாசல்ல எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்குது. கோயில் படியில பலகை முட்டும்போது சூரியன் ஒரு கீத்து மிச்சம் இருந்துச்சு. ஒடியல. மூங்கில் பிளக்கும், ஆனா நார் பிடிச்சுக்கிடும்.

உடனே கமிட்டியில ஒருத்தர், கையால தள்ளிட்டா, செல்லாதுன்னாரு. அதுக்குக் கஸ்பாரு, "கடல்ல எஞ்சின் நின்னா நீ துடுப்பு போட மாட்டியா, நீந்தியா வருவே?"ன்னு கேட்டாரு. அதோட பேச்சு முடிஞ்சுது. சாவி பவுலின் கைக்கு வந்துச்சு.

ஏ, கண்ணை மூடாத, இன்னும் இருக்கு. இல்ல இல்ல, மூடிக்கோ, காதை மட்டும் திறந்து வை.

அப்புறம் பவுலின் தனியா ஒரு போட்டு செஞ்சா, வளையாத போட்டு. கடலுக்குள்ள தள்ளுற நாள் வந்துச்சு. அப்போ கமிட்டிக்காரங்க நைசா வந்து, பட்டறை உன்னோடது, யாரு இல்லேன்னா, ஆனா முதல்ல ரெய்மண்டு ஏறட்டும், அதுதான் எல்லாத்துக்கும் நல்லதுன்னாங்க. பாரு, எப்படி வாராங்கன்னு. பவுலின் கோவப்படல. உள்ளங்கை ரெண்டையும் விரிச்சுக் காட்டினா, உரிஞ்ச தழும்பு இன்னும் மறையல.

"நான் செஞ்சதுல நானே ஏறலேன்னா, உங்க பிள்ளைங்களை ஏத்துவீங்களா?"

கமிட்டிக்காரங்க ஒவ்வொருத்தரும் தன் மகனைத் திரும்பிப் பார்த்தாங்க. அலை மட்டும் "சலப்... சலப்..."னு அடிச்சுது. ஏறினா ஊரு சும்மா விடுமா, ஏறலேன்னா இனிமே எந்தக் காலத்துல ஏறுவா? அவளுக்கே கால் நகரல.

அப்போ கூட்டத்தை விலக்கிக்கிட்டு தொம்மை வந்தாரு. மூச்சு இழுக்க இழுக்க, இடுப்பளவு தண்ணியில இறங்கினாரு. அலையில ஆடுற போட்டை ரெண்டு கையாலயும் அசையாமப் பிடிச்சுக்கிட்டாரு. ஊரையும் பார்க்கல, கமிட்டியையும் பார்க்கல. மகளைப் பார்த்து, ஊர்ல யாரும் எந்தப் பொம்பளைக்கும் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னாரு.

"ஏறு."

ம்?

என்னட்டி, "ம்" காணோம். போட்டு கடலுக்குப் போயிருச்சு, கதை கரைக்கு வந்துருச்சு. நல்லாத் தூங்கு.