ஆள்காட்டி தரைக்கு இறங்கிய கதை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றோரம் ஒரு கோட்டை இருந்தது. மூன்று பக்கம் சோலை, ஒரு பக்கம் தண்ணீர். கோட்டைச் சுவரின் உச்சியில் ஒரு மாடக்குழி. அதில் ஆள்காட்டிப் பறவை குடியிருந்தது. சோலைக்குள் வேற்றாள் நுழைந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. மழையும் பாம்பும் அண்டாத அந்த மாடமே அதற்குக் கூலி.

ஒரு சித்திரை மாதத்து உச்சிவேளை. நான்கு முட்டைகளின் மேல் அது அமர்ந்திருந்தபோது கீழே தாழம்புதர் அசைந்தது. இடுப்புவரை நனைந்த ஒரு பெண் வெளியே வந்தாள். மார்போடு கட்டிய துணிக்குள் பச்சைக் குழந்தை.

ஓடக்காரன் மாசானத்தின் மனைவி பேச்சி அவள். வெள்ளத்தில் ஓடம் விட மாட்டேன் என்றதற்காகக் கோட்டைத்தலைவன் மாசானத்தைச் சிறையில் போட்டு ஏழு மாதமாகியிருந்தது.

ஆள்காட்டி அலகைத் திறந்தது.

"தாயீ, கத்திராத," என்றாள் பேச்சி. "பிள்ள பொறந்து பதினோரு நாளாச்சு. அவரு இன்னும் மொகத்தப் பாக்கல. காட்டிட்டுப் போயிருதேன்."

"கத்தலைன்னா என் வீடு போயிரும். நாலு முட்டை இருக்கு."

பேச்சி குழந்தையின் தலையில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டாள்.

ஆள்காட்டி வயிற்றுக்கடியில் முட்டைகளின் சூட்டை உணர்ந்தது. பிறகு, "சீக்கிரம் போ," என்றது.

சிறையின் சாளரம் கோட்டைச் சுவரின் அடியில், வெளித்தரையை ஒட்டியிருந்தது. பேச்சி குப்புறப் படுத்துத் துணியை விலக்கிக் காட்டினாள். கம்பிக்கு வெளியே ஒரு விரல் நீண்டது. குழந்தை அதைப் பற்றிக்கொண்டது.

"யாரு சாயல்?" என்றான் மாசானம்.

"மகளுக்கு மூக்கு உங்க மூக்கு."

"பாவம், பொம்பளப் பிள்ளைக்கு," என்று அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது.

அப்போது வடக்கு மூலையில் காவலர்கள் வருவதைப் பறவை கண்டது. பேச்சிக்கு அது தெரியவில்லை. இனிக் கத்தினால் யாருக்காகக் கத்தியது என்பது காவலர்களுக்கும் புரிந்துவிடும்.

"ஆள் வருது! ஆள் வருது! ஓடிரு!" என்று ஆள்காட்டி வீறிட்டது.

பேச்சி பிள்ளையை அணைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். நாணல் மறைவில் கிடந்த பரிசல் அக்கரை சேரும்வரை பறவை ஓயவில்லை.

தலைவன் மாடத்தைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைக்கச் சொன்னான். முட்டைகளை ஆற்றில் எறியச் சொன்னான். ஏணியில் ஏறிய காவலன் சின்னாண்டிக்கு மனம் வரவில்லை. நான்கையும் தலைப்பாகையில் பொதிந்து இறக்கி, ஆற்றங்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே வைத்தான்.

"என்னால ஆனது இவ்வளவுதான்," என்றான்.

வெட்டவெளியில் ஆள்காட்டி அடைகாத்தது. காலடி கேட்டபோதெல்லாம் எழுந்து கத்தியது. நான்கு முட்டைகளும் பொரிந்தன. மறு ஆண்டு மாசானம் விடுதலையாகி வந்தபோது மகள் நடந்துகொண்டிருந்தாள்.

அதுமுதல் ஆள்காட்டி சுவரையும் மரத்தையும் நாடுவதில்லை, வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது. இன்று கோட்டையைச் சுற்றிலும் நகரத்துப் பூங்கா. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் புல்லில் கால் வைத்ததுமே, எங்கோ ஒளிந்திருக்கும் யாரையோ ஓடச்சொல்லி அது கத்துகிறது.