கம்பளி மாட்டிய வீடு

மலையில் பனி இறங்கினால் முதலில் மரங்கள் காணாமல் போகும். பிறகு வீடுகள். கடைசியில் எதிரே இருப்பவரின் முகமும் போய், குரல் மட்டும் மிஞ்சும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குருவைப் பார்க்கக் காத்தமுத்து மேட்டில் ஏறினார்.

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். அமிர்தவல்லி, தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். காத்தமுத்துவை விடப் பத்து வயது இளையவர். மனம் குழம்பினால் ஆட்கள் அவரிடம் போவார்கள். பாதிப் பேர் போன குழப்பத்தோடே திரும்புவார்கள். ஆனாலும் அடுத்த வாரமும் போவார்கள்.

அமிர்தவல்லி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கண்ணே. ஏன் முகம் வாடியிருக்கு?"

"இந்தப் பனியில முகம் தெரியுதா?"

"குரல்ல தெரியுது."

காத்தமுத்து கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட ஒரு பதில் சொல்லணும்மா. எங்க லைன்ல அந்த இந்திக்காரப் பொண்ணு இருக்குல்ல, ஜார்க்கண்டுல இருந்து வந்தது. புருஷன் ஊருக்குப் போனவன் திரும்பி வரல. வீடு அவன் பேர்ல இருக்கு. காலி பண்ணச் சொல்லலாமான்னு மேனேஜர் கேக்கறாரு. தலைவர் என்ன சொல்றாரோ அதுதான்னுட்டாரு."

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் காத்தமுத்துதான் தலைவர். வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மே தினக் கூட்டத்தில் மைக் பிடித்து முழங்குவார். குழாயடியில் அந்தப் பேச்சு எடுபடாது.

"லைன்ல என்ன பேசிக்கறாங்க?"

"நம்ம பிள்ளைங்களுக்கே வீடு பத்தல, நேத்து வந்தவங்களுக்கு எதுக்குங்கறாங்க. ஆம்பள இல்லாத வீடு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்புங்கறாங்க."

"அவளும் கொழுந்து பறிக்கறாதானே?"

"பறிக்கறா. ஆனா வீடு எப்பவும் ஆம்பள பேர்லதானம்மா எழுதுவாங்க. வழக்கம் அப்படி."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"பாவமாத்தான் இருக்கு. பாவம் பாத்தா நாளைக்கு நம்ம ஆளுங்க என்னைக் கேப்பாங்க. நம்ம ஆளு யாரு, வெளியாளு யாரு? எதை வெச்சும்மா பிரிக்கறது?"

அமிர்தவல்லி கத்தியைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்குப் போய்ச் சூடா ஏதாவது குடிச்சுட்டு வாங்கண்ணே. அப்புறம் பேசுவோம்."

"இங்க கொடுத்தா குடிக்க மாட்டேனா?"

"என் அடுப்பு இன்னும் பத்தலையே."

காத்தமுத்துவுக்கு எரிச்சல்தான். மூச்சு வாங்க ஏறிய மேட்டிலிருந்து இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். ஆனாலும் இறங்கினார்.

பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. எங்கோ ஒரு கோழி கூவியது. பக்கத்திலா தூரத்திலா என்று தெரியவில்லை. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவருடைய கால்களே வேறு யாருடையவோ போல முன்னால் போய்க்கொண்டிருந்தன.

லைன் வீடுகள் ஒரே சுவரில் ஒட்டிக் கட்டியவை. ஒரே பச்சைக் கதவு, ஒரே தகரக் கூரை. வாசலில் இருக்கும் பேரி மரத்தைப் பார்த்துத்தான் காத்தமுத்து தன் வீட்டை அடையாளம் வைத்திருந்தார். இன்றைக்கு மரம் இல்லை. ஈரச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். ஒரு கதவு திறந்திருந்தது. நுழைந்தார்.

உள்ளே விறகுப் புகை. தலையில் துண்டு கட்டிய பெண் அடுப்பைப் பார்த்துக் குந்தியிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நனைந்த கம்பளியை அதில் மாட்டிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

"சூடா ஏதாவது கொடு."

அவள் தேயிலைச் சாயத் தண்ணியை டம்ளரில் ஊற்றினாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. அவர் உள்ளங்கையை விரித்து, அதில் ஒரு துண்டு வெல்லம் வைத்தாள்.

காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டார். வெல்லத்தைக் கடித்து ஒரு மிடறு, மறுபடி கடித்து ஒரு மிடறு. அவருடைய அம்மா இப்படித்தான் கொடுப்பாள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவள். குழாயடியில் அவள் குடம் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கும். சிவகாமி என்று அவளுக்கு அழகான பெயர் இருந்தது. அங்கே யாருக்கும் அது தேவைப்படவில்லை. சிலோன்காரி என்றால் போதும்.

மனைவி செல்லம்மா எப்போதிருந்து வெல்லம் கொடுக்க ஆரம்பித்தாள் என்று யோசித்தபடியே அவர் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மிதந்தார். அம்மா அடுப்பருகே இருப்பது போலவே இருந்தது. அப்படியே இருந்துவிட மாட்டோமா என்று நெஞ்சு ஏங்கியது.

ஒரு குழந்தை இருமியது.

அவர் வீட்டில் குழந்தை கிடையாது. கண்ணைத் திறந்தார். போர்வைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுவரில் இந்திக் காலண்டர்.

"வீடு மாறி வந்துட்டேன்மா," என்று பதறி எழுந்தார்.

"பரவால்ல. பனியில எல்லாரும் வரும்," என்றாள் அந்தப் பெண், தனக்குத் தெரிந்த தமிழில். "இன்னும் வேணும்?"

"நான் யாருன்னு தெரியுதா?"

"தலைவர்."

நாளைக்கு நடக்கப்போவது அவளுக்கும் தெரியும். லைனில் எது ஒளியும்? டம்ளரை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். காத்தமுத்து தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார்.

மேட்டில் அமிர்தவல்லி விறகை ஊதிக்கொண்டிருந்தார்.

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். ஆனா என் வீட்ல இல்ல." நடந்ததைச் சொன்னார். வெல்லத்தைச் சொல்லும்போது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அமிர்தவல்லி மறுபடி ஊதினார். புகைதான் வந்தது.

"என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலையேம்மா. நாளைக்கு மேனேஜர் கேப்பாரு. அந்த வீடு யாரோடதுன்னு நான் சொல்லட்டும்?"

"உங்க கம்பளி எங்கண்ணே?"

காத்தமுத்து தோளைத் தடவிப் பார்த்தார். "ஐயோ. அங்கயே ஆணியில மாட்டிட்டு வந்துட்டேன்."

"குளிருமே. போய் வாங்கிட்டு வந்துருங்க."

"போகத்தான் வேணும்."

"இந்தப் பனியில மறுபடியும் கதவு தெரியாது. வெளிய நின்னு கூப்பிட்டாத்தான் உண்டு."

"ஆமாம்மா."

"என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவீங்க?"

காத்தமுத்து வாயைத் திறந்தார். அவள் புருஷன் பெயர் நாக்கு வரை வந்தது. அவன்தான் அங்கே இல்லையே.

அவள் பெயருக்காகக் காத்திருந்தார். அதை அவர் ஒருநாளும் கேட்டதே இல்லை.

அடுப்பு பற்றிக்கொண்டது. அவர் அதில் குளிர் காயாமல் எழுந்து, போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாமல், பனிக்குள் இறங்கினார்.