சின்னானின் வாலடிச் சிவப்பு

பறவையும் மிருகமும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் மலையில் ஒரு விருந்து நடக்கும். அன்றைக்கு யாரும் யாரையும் துரத்தக் கூடாது. விருந்துக்குப் பழமது போடுவது கரடியின் வேலை. கரடி நல்ல கைப்பக்குவக்காரி. கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

தலை முறிந்து நின்ற வேங்கை மரத்தின் பொந்துதான் அவளுக்குப் பானை. மலைவாழை, விளாம்பழம், சீத்தாப்பழம் எல்லாவற்றையும் போட்டு, தோள் வரை கையை விட்டுப் பிசைந்து, தேனடையைப் பிழிந்து, இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேக்கிலையால் மூடி ஒன்பது நாள் ஊறவிடுவாள். போன வருஷம் மது திகட்டிப்போய், யானை ஒரு வாயோடு துதிக்கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. கரடிக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

சின்னான் என்ற குருவி அப்போது தலையிலிருந்து வால் வரை ஒரே அழுக்குப் பழுப்பு. மது போட்ட அன்று கரடி கண்ணயர்ந்த நேரத்தில், அது அறுபது நடை பறந்து களாப்பழமாகக் கொண்டுவந்து பொந்துக்குள் போட்டது. கரடி விழித்துப் பார்த்தால் எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"அடப்பாவி! புளிப்பைக் கொண்டாந்து கொட்டிட்டியே!"

"கொஞ்சம் புளிச்சாத்தான் அக்கா, நாக்கு இன்னும் கொண்டான்னு கேக்கும்."

"கேக்கும், கேக்கும்! இது மட்டும் கெட்டுப்போகட்டும், இந்த மலையில ஒத்தப் பழம் உன் வாயில படாது. நீ உக்கார்ற மரத்தையெல்லாம் உலுக்கிவிடுவேன்."

பாவம், சின்னானுக்குத் தூக்கமே போயிற்று. பழமில்லாமல் அது எப்படிப் பிழைக்கும்? ஒன்பது நாளும் வேங்கையைச் சுற்றிச் சுற்றியே வந்தது.

விருந்தன்று கரடி யானையை எதிர்கொண்டு அழைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து, மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்த மரங்கொத்தி திரும்பி வந்தது. அதற்கு மதுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. வழக்கம்போல வேங்கையில் காதை வைத்தது. உள்ளே கொளகொள, புஸ்புஸ் என்று ஒரே சத்தம்.

"அடேங்கப்பா! இம்புட்டுப் புழுவா?"

சின்னான் "வேண்டாம்ணே!" என்று கத்துவதற்குள் நச்சென்று ஒரு கொத்து. மது பீய்ச்சி அடித்து மரங்கொத்தியின் உச்சந்தலையை நனைத்தது. இருவருமாக இலையை வைத்தார்கள், பிய்த்துக்கொண்டு போனது. மண்ணை அப்பினார்கள், கரைந்து போனது. கீழே பாதையில் யானையின் காலடி கேட்டது. சின்னான் வேறு எதுவும் யோசிக்கவில்லை. ஓட்டைக்குக் கீழே இருந்த கிளையில் கால் ஊன்றி, தன் பின்பக்கத்தை ஓட்டையில் அழுத்தி அடைத்துக்கொண்டது.

"நான்தான் கொத்தினேன்னு சொல்லிராதப்பா" என்று கும்பிட்டுவிட்டு மரங்கொத்தி புதருக்குள் ஒளிந்தது.

கரடியோடு யானை வந்ததும், அதற்குள் வந்து கூடியிருந்த விருந்தாளிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சின்னான் மட்டும் அசையவில்லை.

"பெரியவங்க வந்தா எந்திரிக்கத் தெரியாதா உனக்கு?" என்று கரடி பல்லைக் கடித்தாள்.

"இன்னைக்கு மட்டும் மன்னிச்சிருங்கக்கா" என்றது சின்னான். மது உள்ளே பொங்கிப் பொங்கிக் கூச்சம் காட்டியது. தலைமுடியெல்லாம் சிலிர்த்து நின்றது. சிரிக்கவும் முடியவில்லை, சிணுங்கவும் முடியவில்லை.

யானை ஒரு வாய் உறிஞ்சியது. கரடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யானை கண்ணை மூடியது, காதை ஆட்டியது.

"கரடியம்மா, அந்தப் புளிப்பு என்னது? இன்னும் கொண்டா!"

அவ்வளவுதான். குரங்கு, முயல், மயில் எல்லாம் மூங்கில் குழாயோடு முண்டியடித்தன. மது ஓட்டைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சின்னான் எழுந்தது. எழுந்ததும் தள்ளாடியது. வாலடி முழுக்க ரத்தச் சிவப்பு! மலையே விழுந்து விழுந்து சிரித்தது. புதரிலிருந்து மரங்கொத்தி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க. ஓட்டை போட்டவன் நான். ஒரு சொட்டுக் குடிக்காம அடைச்சு உக்காந்தது அவன்."

கரடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. சின்னானை வாரி மடியில் வைத்துக்கொண்டு, அடியில் மிச்சமிருந்த களாப்பழத்தை அதற்கு ஊட்டினாள். "இனி எந்த மரத்துல பழுத்தாலும் முதல் கொத்து உன்னோடதுதான்டா" என்றாள்.

எவ்வளவு தேய்த்துக் குளித்தும் அந்தச் சாயம் போகவில்லை. அன்று முதல்தான் மரங்கொத்திக்குச் சிவந்த கொண்டை. கொத்துவதற்கு முன் அது ஒன்றுக்கு நாலு தடவை தட்டிப் பார்ப்பதும் அன்று முதல்தான். நம் சின்னானுக்குச் சிலிர்த்த தலையும் சிவந்த வாலடியும். உங்கள் வீட்டுக் கொய்யாவில் முதலில் பழுத்த பழத்தை யாரோ கொத்தியிருந்தால் கோபப்படாதீர்கள், அது கரடியக்கா கொடுத்த உரிமை.