பெரணி அரைத்த விதை

செடியும் மரமும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு மலைச்சரிவில் அக்கா தங்கைகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவள் பெரணி, நடுவிலுள்ளவள் பைன், கடைக்குட்டி நாவல். மூவருக்கும் விதைகள் இருந்தன. பெரணிக்குத் தன் விதைகள் என்றால் உயிர். ஒரு நிமிஷம் கண்ணை விட்டு அகல விடமாட்டாள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. பசியெடுத்த பறவைகள் கூட்டம் கூட்டமாக மலையேறி வந்து, கண்ணில் பட்ட விதையையெல்லாம் கொத்தி நொறுக்கித் தின்றன.

பைன் தன் விதைகளைக் கூம்பின் மரச்செதில்களுக்கு இடையில் செருகி இறுக்கிக்கொண்டாள். மேலே போர்த்த அவளிடம் ஒன்றும் இல்லை. நாவல் துணிந்து பறவைகளிடமே போனாள். விதையைச் சுற்றி இனிப்பாகச் சதை வைத்துத் தருகிறேன், சதையைத் தின்றுவிட்டு விதையைத் தூரத்தில் போட்டுவிடுங்கள் என்றாள். பறவைகள் சம்மதித்தன.

"அக்கா, நீயும் வந்து பேசு. சொன்ன சொல் தவற மாட்டாங்க," என்று நாவல் கெஞ்சினாள்.

"கொலைகாரக் கூட்டத்துக்கிட்ட பிள்ளைங்களைக் குடுக்கச் சொல்றியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சுடி!" என்றாள் பெரணி.

சிறகுச் சத்தம் நெருங்கியது. பெரணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொத்த முடியாத அளவுக்குச் சிறிசாக்கிவிட்டால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும் என்று அந்தப் பாவி மனசுக்குத் தோன்றியது. பாறையில் போட்டுத் தன் விதைகளைத் தானே அரைத்தாள். மாவாக அரைத்தாள். அதை இலைக்கு அடியில் அப்பிக்கொண்டு குனிந்து நின்றாள். பறவைகள் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

மழை வந்தது. நாவலின் பிள்ளைகள் மலையெங்கும் முளைத்தன. பெரணி தன் தூளைக் கூட்டிச் சேர்த்துப் பிசைந்து பார்த்தாள். ஒரு விதைகூடத் திரளவில்லை.

"அய்யோ, நானே கொன்னுட்டேனே!"

அவள் அலறிய அலறலில் இலைகள் அதிர்ந்தன. காற்று தூளை வாரிக்கொண்டு போனது. முக்கால்வாசி பாறையில் விழுந்து செத்தது. ஈரத்தில் விழுந்த கொஞ்சம் மட்டும், தாயின் சாயலே இல்லாத சின்னப் பச்சைச் செதிலாக ஒட்டிக் கிடந்து, அதிலிருந்து எப்படியோ ஒரு குட்டிப் பெரணி எழுந்தது. பைனும் நாவலும் வந்து எவ்வளவோ தேற்றினார்கள்.

"பிள்ளையை அரைச்சவளுக்குப் பூ எதுக்கு?" என்றாள் பெரணி. அதன் பிறகு அவள் பூ வைக்கவே இல்லை.

அன்றிலிருந்துதான் காட்டுக்குப் போகிறவர்கள், காய்க்குள் விதை இருந்தால் பூக்கும் இனம் என்கிறார்கள். செதிலிடுக்கில் விதை மூடாமல் இருந்தால் பைன் இனம் என்கிறார்கள். பூவும் விதையும் இல்லாததன் இலையைத் திருப்பி, அடியில் அந்தப் பழுப்புத் தூளைப் பார்த்த பிறகே பெரணி என்கிறார்கள்.