செந்நாய் சாரும் மானின் குளம்பும்

மடுவின் இக்கரையில் மான், முயல், மந்தி எல்லாம் இருந்தன. அக்கரையில் காட்டுப்பன்றிகள். கோடையில் அந்தக் காட்டில் வேறு தண்ணீர் கிடையாது.

அடிதடி வேண்டாம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கரைக்கு ஒரு கல்லூரி. மாசி, பங்குனி முழுக்கக் கால்பந்து. அதிக ஆட்டம் ஜெயித்த கரை, கோடை முழுக்க விடியலில் முதலில் குடிக்கும். சமமாக முடிந்தால் போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே தண்ணீர்.

போன வருஷம் ஜெயித்தது பன்றிகள். பன்றி குடித்துவிட்டுச் சும்மா போகுமா? புரளும். இக்கரைக்கு மிஞ்சியது சேறு. அதைக் குடித்துக் குட்டிகள் செத்தன.

தோற்ற அணியின் பயிற்சியாளர் ஒரு தேவாங்கு. பகலெல்லாம் தூங்கும். ஆட்டமோ பகலில். கல்லூரி முதல்வர் யானை அதை அனுப்பிவிட்டு, செங்கோடன் என்ற செந்நாயைக் கூட்டி வந்தது.

"மைதானத்துக்குள்ள பல்லைக் காட்ட மாட்டேன். சத்தியம்!" என்றது செங்கோடன்.

சத்தியத்தை அது மீறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் பயிற்சி. செங்கோடன் விசில் அடித்தது. செந்நாய் வேட்டையில் அடிக்கும் அதே விசில். மொத்த அணியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது.

"அடேயப்பா! என்ன வேகம்!" என்று பூரித்தது செங்கோடன்.

அந்த வேகத்தில் ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். ஒருநாள் சுருட்டை என்ற முயல், காலில் முள் குத்தி நொண்டிக்கொண்டு வந்தது. செங்கோடனின் நாக்கு தானாக வெளியே வந்தது. எச்சில் சொட்டியது. சட்டென்று விழுங்கிக்கொண்டு, "முள்ளை எடுத்துட்டு வாப்பா" என்றது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முன் இரு கரையும் சமம். பயிற்சியில், செங்கோடன் பார்க்காத நேரம், மருதன் என்ற புள்ளிமான் கல்லில் மோதிக் குளம்பு பிளந்துபோனது. அணியின் தலைவன் அதுதான். புதருக்குப் பின்னால் நொண்டியது. செங்கோடன் வந்தால் நிமிர்ந்து நடந்தது. நாய் பார்க்க நொண்டாதே என்பது மான் கூட்டத்தில் பால் மறக்கும் முன்பே படிக்கிற பாடம்.

"சார்கிட்ட சொல்லிடுடா" என்றது பூச்சி. கோல்கீப்பர் மந்தி.

"நீ மரத்துல ஏறிக்குவ. நான் எங்க ஏற?"

ஆட்டத்தன்று செங்கோடன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "யாருக்காவது அடியா? மறைக்காம சொல்லுங்க!"

"இல்ல சார்!" என்றது அணி, ஒரே குரலில்.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஒரு பன்றி சுருட்டையை முட்டித் தள்ள, ரெஃப்ரி மயில் அகவியது. பெனால்டி!

"மருதா, நீ அடி!" என்று கத்தியது செங்கோடன்.

பூச்சி கோலை விட்டு ஓடி வந்தது. "சார்... சுருட்டை அடிக்கட்டுமே?"

"ஏன்? மருதனுக்கு என்ன?"

பூச்சி மருதனைப் பார்த்தது. மருதன் தலையை ஆட்டியது, வேண்டாம் என்று.

"ஒண்ணும் இல்ல சார். சும்மா கேட்டேன்."

கரையில் தாய்மான்கள் குட்டிகளை அணைத்துக்கொண்டு நின்றன. மருதன் ஓடியது. நேராகத்தான் ஓடியது. உதைத்த நொடியில் குளம்பு விரிந்தது. பந்து கோலுக்கு வெளியே உருண்டு, மடுவில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. சமம்.

பன்றிகள் அப்போதே தண்ணீரில் இறங்கிவிட்டன.

மருதன் விழுந்த இடத்தில் ரத்தம். செங்கோடன் குளம்பைப் பார்த்தது.

"இது இன்னிக்கு ஆன காயம் இல்லையே! ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க சார்?"

"உட்கார வெச்சிருப்பேன்! சுருட்டை அடிச்சிருப்பான்! ஜெயிச்சிருப்போம்! நான்தான் சத்தியம் பண்ணேனே?"

"பண்ணீங்க சார். காது கேட்டுச்சு. கால் கேட்கல."

அந்தக் கோடையில் செங்கோடனும் சேற்றைத்தான் குடித்தது.

உண்மையைச் சொல் என்று கேட்டால் மட்டும் போதாது. சொன்னவனுக்குக் கேடு வராது என்று முதலில் நடந்து காட்டாத தலைவனுக்கு, தோற்ற பிறகுதான் உண்மை தெரியும்.