பூட்டை விட்டு வராத சாவி

தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக் காரில், ஸ்டியரிங்குக்குக் கீழே, ஒரு பூட்டும் ஒரு சாவியும் ரொம்ப காலமாகச் சேர்ந்து வாழ்ந்துவந்தன. கார் வீடு திரும்பியதும் சாவி ஞானப்பிரகாசத்தின் சட்டைப் பைக்குப் போய்விடும். அடுத்த பயணத்துக்குத் திரும்பி வரும். பிரிவென்றால் அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும்.

ஞானப்பிரகாசம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் பார்வை மங்கிக்கொண்டே வந்ததால், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜெனோவா என்ற நர்ஸுக்குக் காரைக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது. காரை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் மாலை, கடைசியாக ஒருமுறை என்று மனைவி பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரை வரை ஓட்டிவிட்டு வந்தார். வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது. சாவி வெளியே வரவில்லை.

காலையில் ஜெனோவா மெக்கானிக் இசக்கியோடு வந்தாள். இசக்கி எண்ணெய் விட்டுப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். சாவி எந்தப் பக்கமும் அசையவில்லை.

"பூட்டை உடைச்சிருவோம் அண்ணாச்சி. புதுசாப் பூட்டும் சாவியும் போட்டுக்கலாம்."

உள்ளே பூட்டு நடுங்கியது. "கேட்டியா? உன் பிடிவாதத்தால ரெண்டு பேரும் குப்பைக்குப் போகப்போறோம். வெளியே போயேன்!"

"நானா பிடிவாதம்? நீதானே என்னை விடாமப் பிடிச்சிருக்க!"

"நான் எங்கே பிடிச்சேன்? உன்னை எப்படி அனுப்புறதுன்னு நினைச்சேன், அவ்வளவுதான்."

சாவியின் கோபம் தணிந்தது. பிறகு, "மணப்பாடு திருவிழாவுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? பிள்ளைங்க பின் சீட்ல பாடிக்கிட்டே வந்தாங்க," என்றது.

"சின்னவ வாந்தி எடுத்ததும் ஞாபகம் இருக்கு."

"அவ பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னைக்கு, குழந்தை முழிச்சிடக் கூடாதுன்னு என்னை எவ்வளவு மெதுவாத் திருப்பினார்!"

மேலேயிருந்து ஸ்டியரிங் முனகியது. "கதையை அப்புறம் பேசுங்க. உங்கள்ல யாரும் யாரையும் பிடிக்கல. சக்கரம் எதிலயோ முட்டி நிக்குது. அந்தப் பாரம் முழுக்க என் மேல இறங்குது. நான்தான் உங்களை நெரிக்கிறேன். என்னால முடியல."

மனிதர்களுக்கு அது கேட்கவில்லை. ஆனால் பிலோமினா குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, முன் சக்கரம் கல்லுல முட்டிக்கிட்டுல்ல நிக்குது!"

ஞானப்பிரகாசம் வந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். வாசல் ஓரத்தில் அவரே நட்ட கல். டாக்டர் வீணாகப் பயமுறுத்துகிறார் என்றுதான் அதுவரை உள்ளுக்குள் நினைத்திருந்தார்.

"நேத்து இந்தக் கல்லு எனக்குத் தெரியவே இல்ல, பிலோ," என்றார். "நீ பக்கத்துல உட்கார்ந்திருந்த. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

அவள் அவர் தோளில் கை வைத்தாள்.

அவர் காரில் ஏறி உட்கார்ந்தார். "உடைக்க வேண்டாம் இசக்கி. முன்னால நின்னு வண்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு."

கார் ஒரு சாண் நகர்ந்தது. ஸ்டியரிங் பெருமூச்சு விட்டது. ஞானப்பிரகாசம் அதை லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அது அவர் கையோடு வந்துவிட்டது.

அதைச் சட்டையில் துடைத்து ஜெனோவாவிடம் கொடுத்தார். "இந்தாம்மா. நல்லா ஓட்டு."

"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன் அங்கிள்," என்றாள் அவள்.

சாவி மறுபடி பூட்டுக்குள் போனது. கார் கிளம்பியது. கணவனும் மனைவியும் வாசலிலேயே நின்றார்கள்.

தெருமுனை தாண்டியதும் சாவி பதறியது. "ஐயோ, இந்தப் பொண்ணு என்ன இப்படிப் பறக்குது!"

"மறந்துட்டியா?" என்றது பூட்டு. "இந்த வயசுல அவரும் இப்படித்தான் ஓட்டினார்."