பிசின் வாசம்

புதிர் போடுகிறவர்களுக்கு ஒரு நேர்மை வேண்டும். விடைக்கு வேண்டியதை ஒளித்து வைக்கக் கூடாது. அதனால் நடந்தது அத்தனையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காதைக் கொடுத்தால் போதும்.

பெருந்தொற்றில் உலகமே கதவடைத்துக் கிடந்த காலம் அது. பனி பெய்யும் தூர தேசத்து நகரம் ஒன்றில், பெண்களுக்கான சர்வதேச ஹேண்ட்பால் போட்டியை நடத்தியே தீருவோம் என்று நடத்தினார்கள். ஒரு ஹோட்டல், ஆளில்லாத அரங்கம், நடுவே ஒரு பேருந்து. வீராங்கனைகளின் உலகம் அவ்வளவுதான். தினமும் காலையில் மூக்கில் குச்சி விட்டுச் சோதிப்பார்கள். ஒருத்திக்குத் தொற்று என்று வந்தால் அவள் அறைத் தோழியும் சேர்ந்து தனிமை அறைக்குள்ளே. பத்துப் பேர் தேறாத அணி ஆடாமலே தோற்றது.

இந்திய அணியில் ஏற்கெனவே பலர் படுத்துவிட்டார்கள். அரையிறுதிக்கு முந்தின நாள் மிஞ்சியது பதினொரு பேர். இன்னும் இரண்டு பேர் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கோல்கீப்பர் அமலோற்பவம் தூத்துக்குடிக்காரி. அவள் அறைத் தோழி மன்னார்குடிச் செங்கொடி. அணி போட்ட கோல்களில் பாதி அவள் போட்டவை. பள்ளி விடுதியிலிருந்தே இருவரும் ஒட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். ஆட்டத்துக்கு முன்னால் செங்கொடியின் விரல்களுக்கு அமலோற்பவம்தான் டேப் சுற்றிவிடுவாள். வேறு யாராவது சுற்றினால் பந்து கையில் நிற்காது என்று செங்கொடிக்கு ஒரு நம்பிக்கை.

அன்று மாலை செங்கொடியின் பைக்குள் பிசின் டப்பா உடைந்து கொட்டியிருந்தது. பந்து வழுக்காமலிருக்க விரலில் தடவிக்கொள்ளும் பைன் பிசின் அது. கோல்கீப்பர்கள் அதைத் தொடுவதில்லை. அமலோற்பவத்துக்கு அந்த நெடியே ஆகாது. அறைக்குள் வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடி இது, தலைய வலிக்கு. ஜன்னலத் தொற.”

“எதுக்கு?” என்றாள் செங்கொடி. அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

அமலோற்பவம் பையைக் காட்டினாள். செங்கொடி எழுந்து பையைத் திறந்தாள். பிசினை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். முகம் வெளுத்துவிட்டது.

“காலையில டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னுதானே வந்துச்சு. இது வெறும் சளி, அமலி. யார்கிட்டயும் சொல்லிடாத. எனக்கு சத்தியம் பண்ணு.”

அரையிறுதியில் ஜெயித்தால் உலகப் போட்டிக்குத் தகுதி. விடுதி நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அமலோற்பவம் சத்தியம் செய்தாள். ஆனால் ஊரிலிருந்து எத்தனை சாவுச் செய்திகளைக் கேட்டாயிற்று. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்தே வைத்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சியாளர் ஞானசிகாமணி எல்லோரையும் நிறுத்தினார். “யாருக்காச்சும் காய்ச்சல், வாசனை தெரியல, அப்படி ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க” என்றார். கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வாய் திறப்பதற்குள் “சரி, போய்த் தூங்குங்க” என்று நடந்துவிட்டார். கெட்டிக்காரர்.

மறுநாள் காலைச் சோதனையிலும் செங்கொடிக்கு ஒன்றுமில்லை என்றே வந்தது. அரங்கில் உடை மாற்றும் அறையில் அவள் வழக்கம்போல் விரல்களை நீட்டினாள்.

“மணிக்கட்டு பிடிச்சிருக்குடி. பரமேக்காட்ட சுத்திக்கோ” என்றாள் அமலோற்பவம்.

பரமேக்கா என்பது அணியின் பிசியோ பரமேஸ்வரி. விருதுநகர்க்காரி. இழுப்பு உள்ள உடம்பு. சட்டைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. செங்கொடிக்கு எதிரே உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகச் சுற்றினாள். டேப்பைப் பல்லால் கிழிப்பது அவள் பழக்கம். அதற்காக மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டாள். அமலோற்பவம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு கோலில் ஜெயித்தார்கள். கடைசியில் எதிரணிக்குப் பெனால்டியாகக் கிடைத்த ஏழு மீட்டர் வீச்சை அமலோற்பவம் மணிக்கட்டால் தட்டி வெளியே அனுப்பினாள். அடுத்த நாள் செங்கொடிக்குத் தொற்று என்று வந்தது. பிறகு பரமேஸ்வரிக்கு. அமலோற்பவத்துக்குக் கடைசி வரை வரவில்லை. செங்கொடி தேறிவிட்டாள். பரமேஸ்வரி, தன் மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். சாம்பலாகத்தான் ஊர் திரும்பினாள்.

செங்கொடி, அமலோற்பவம், ஞானசிகாமணி மூவரும் பரமேஸ்வரியின் விருதுநகர் வீட்டுக்குப் போனார்கள். வாசனை போனது, சத்தியம் வாங்கியது எல்லாவற்றையும் செங்கொடியே சொல்லி அழுதாள். பரமேஸ்வரியின் மகள் யமுனா அழவில்லை.

“அம்மாவுக்கு இழுப்புன்னு உங்க மூணு பேருக்கும் தெரியும்ல?”

“ரெண்டு நாள் காலையிலயும் டெஸ்ட் இல்லன்னுதான் சொல்லுச்சு. அத நம்பிட்டேன்” என்றாள் செங்கொடி.

“எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டேம்மா. ஒருத்தரும் சொல்லல” என்றார் ஞானசிகாமணி.

“சத்தியம் பண்ணிட்டேன். மீற முடியல” என்றாள் அமலோற்பவம்.

மூவர் கையும் சுத்தமில்லை. அதைச் சொல்லப் புதிர் எதற்கு? நான் கேட்பது வேறு. இந்த மூவரில், சொன்ன சமாதானம் கொஞ்சமும் செல்லாத ஆள் யார்?

விடை: அமலோற்பவம். செங்கொடி தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். ஞானசிகாமணி தெரிந்துகொள்ளாமல் தப்பித்துக்கொண்டார். அமலோற்பவத்துக்கோ நோய்தான் என்று தெரிந்தது. தெரியாதவள் பனிக்காற்றில் ஜன்னலோரம் படுக்கமாட்டாள். சத்தியம் அவள் வாயைத்தான் கட்டியது. அத்தனை வருஷம் சுற்றிய டேப்பைத் தானே சுற்ற அவளுக்கு ஒரு தடையும் இல்லை. தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிய இடத்தில், மூச்சுக்குத் திணறும் ஒருத்தியை உட்கார வைத்தாள். மணிக்கட்டு வலி பொய் என்று ஏழு மீட்டர் பந்தே சாட்சி சொல்லும். யமுனாவுக்கு இது புரிந்ததோ இல்லையோ, வாசல் வரை வந்து அமலோற்பவத்திடம் மட்டும் ஒன்று கேட்டாள். “அன்னிக்கு அம்மா போன்ல உங்க கைய நெனச்சுத்தான் கவலப்பட்டாங்க. இப்ப சரியாயிருச்சாக்கா?” அமலோற்பவம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.